வாணிப உபரி என்றால் நாட்டின் லாபமா?



படிவம் ஐந்து மாணவி ஒருவர், மலேசியப் பொருளாதாரத்தைப் பற்றிய கருத்து விளக்கக் கட்டுரையில் இப்படி எழுதியிருந்தார்: “2024-ஆம் ஆண்டில் மலேசியா வெளிநாட்டு வாணிபத்தில் 136.9 பில்லியன் ரிங்கிட் லாபம் சம்பாதித்தது.” எண் சரி, ஆண்டு சரி, சந்திப்பிழைகூட இல்லை. ‘லாபம்’ என்ற சொல்லின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தேன். ஓய்வு நேரத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். “ஏன் டீச்சர் தப்பு? வித்தது கூட, வாங்குனது கொறைச்சல். மிச்சம் லாபம்தானே?”

நியாயமான கேள்வி. ஓய்வு நேரம் முடிவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நானே ஒரு பயிற்சித்தாளில் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறேன், யாரும் கேட்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரை அந்த மாணவிக்கான பதில் மட்டுமல்ல, எனக்கான திருத்தமும்கூட.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். ஒரு நாடு வெளிநாடுகளுக்கு விற்கும் சரக்கின் மதிப்பு ஏற்றுமதி. வெளிநாடுகளிலிருந்து வாங்கும் சரக்கின் மதிப்பு இறக்குமதி. கப்பலில் ஏற்றுவது, கப்பலிலிருந்து இறக்குவது என்ற வினைகளிலிருந்து பிறந்த சொற்கள் இவை. கவனித்தீர்களா? சொற்களே சரக்கைப் பற்றித்தான் பேசுகின்றன, பணத்தைப் பற்றி அல்ல. ஏற்றுமதியிலிருந்து இறக்குமதியைக் கழித்தால் கிடைப்பது வாணிபச் சமநிலை. பொருளியல் பாடத்தில் மலாய்மொழியில் ‘இம்பாங்கான் டாகாங்கான்’ என்று படிக்கிறீர்களே, அதேதான். ‘சமநிலை’ என்ற சொல் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இரண்டு பக்கமும் சமமாக இருப்பதுபோல ஒரு மயக்கத்தைத் தருகிறது. ‘நிலுவை’ என்றால் இன்னும் பொருத்தம். ஆனால் நம் பள்ளிகளில் சமநிலைதான் வழக்கு, இருக்கட்டும். விடை கூட்டல் குறியில் வந்தால் உபரி, கழித்தல் குறியில் வந்தால் பற்றாக்குறை.

2024-இல் மலேசியாவின் ஏற்றுமதி சுமார் 1.51 டிரில்லியன் ரிங்கிட். இறக்குமதி சுமார் 1.37 டிரில்லியன். வித்தியாசம்தான் அந்த 136.9 பில்லியன். 1998 முதல் ஒவ்வோர் ஆண்டும் நமக்கு உபரிதான்.

பாட்டியின் 20 வெள்ளி

தோட்டத்து லயத்தில் ஒரு பாட்டி. வீட்டுக்குப் பின்னால் கீரையும் கத்தரிக்காயும் போட்டிருக்கிறார். பாசார் மாலாமில் 50 வெள்ளிக்கு விற்கிறார். அதே சந்தையில் 30 வெள்ளிக்கு மீன் வாங்குகிறார். கையில் 20 வெள்ளி.

இந்த 20 வெள்ளி லாபமா? இல்லை. கீரையை விளைவிக்க எவ்வளவு செலவானது என்று நாம் கேட்கவே இல்லை. லாபம் என்பது ஒரு சாமானை உண்டாக்க ஆன செலவுக்கும் அதை விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம். மளிகைக் கடைக்காரர் ஓர் அரிசிப் பையை 30 வெள்ளிக்கு வாங்கி 34-க்கு விற்றால் 4 வெள்ளி லாபம். வாங்கியதும் விற்றதும் ஒரே பை. பாட்டி வாங்கியது மீன், விற்றது கீரை. மீனுக்குக் கொடுத்த 30 வெள்ளி கீரைக்கான செலவு அல்ல. அது அவர் வீட்டுச் சாப்பாடு.

அப்படியானால் 20 வெள்ளி என்ன? விற்ற பணத்தில் இன்னும் சாமானாக மாற்றாமல் வைத்திருக்கும் பகுதி. அவ்வளவுதான். அது நல்லதா கெட்டதா என்பது ஏன் மிஞ்சியது என்பதைப் பொறுத்தது. பேரனின் பள்ளிச் சீருடைக்காகச் சேர்க்கிறார் என்றால் நல்லது. தாத்தாவுக்கு வேலை போய்விட்டது, மீனைக் குறைத்துக்கொண்டார் என்றால் வருத்தம். வீட்டுக்கு வந்ததும் பழைய கடனுக்காகத் தவுக்கே அந்த 20 வெள்ளியை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றால், உபரி இருந்தும் பாட்டிக்கு ஒன்றுமில்லை. மூன்று வீட்டிலும் கணக்கு ஒன்றுதான்: 50 கழித்தல் 30.

நாடுகளுக்கும் இந்த மூன்று கதைகள் உண்டு. மூன்றும் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன.

மீனைக் குறைத்துக்கொண்ட ஆண்டு

1997-இன் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 2.50 ரிங்கிட். 1998 ஜனவரியில் அது 4.88 வரை போனது. ஆசிய நிதி நெருக்கடி. அந்த ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி அரசாங்கம் டாலருக்கு 3.80 என்று நிலையாகக் கட்டிப்போட்டது. இன்றைய மாணவர்கள் அப்போது பிறக்கவில்லை. வீட்டில் அம்மா அப்பாவைக் கேளுங்கள், சொல்வார்கள். கட்டுமான வேலைகள் பாதியில் நின்றன, ஆலைகளில் ஆள்குறைப்பு.

இப்போது வாணிபக் கணக்கைப் பாருங்கள். 1997-இல் ஏற்றுமதியும் இறக்குமதியும் ஏறக்குறைய சமம். 1998-இல் உபரி சுமார் 58 பில்லியன் ரிங்கிட்! கட்டுரையில் “1998-இல் மலேசியா 58 பில்லியன் லாபம் பெற்றது” என்று எழுதினால் எவ்வளவு அபத்தம்! அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. உபரி வந்ததற்குப் பெரிய காரணம், இயந்திரமும் மூலப்பொருளும் வாங்க ஆளில்லாமல் இறக்குமதி இடிந்து விழுந்தது. ரிங்கிட் மதிப்பு இறங்கியதால் டாலரில் விற்ற சரக்கு ரிங்கிட்டில் கூடுதலாகத் தெரிந்தது இன்னொரு காரணம். பாட்டி மீன் வாங்கவில்லை, அதனால் பணம் மிஞ்சியது.

இதன் மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். 2023-இல் நம் உபரி 214 பில்லியன், 2024-இல் 136.9 பில்லியன். 77 பில்லியன் குறைவு. “மலேசியாவின் வாணிபம் வீழ்ச்சி கண்டது” என்று எழுதத் தோன்றும். ஆனால் 2024-இல் ஏற்றுமதி கூடியது, குறையவில்லை. இறக்குமதி அதைவிட வேகமாகக் கூடியது. குறிப்பாக ஆலைகளுக்கான இயந்திரங்கள் போன்ற மூலதனப் பொருள்கள். பொருளாதார வளர்ச்சியோ 2023-இன் 3.6 விழுக்காட்டிலிருந்து 5.1 விழுக்காட்டுக்கு ஏறியது. கூலிமில் புது ஆலை கட்டி, அதற்கு இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் அந்த ஆண்டின் உபரி குறையும். அந்த இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு ஏற்றுமதி கூடும். பாட்டி 20 வெள்ளியைப் போட்டு மண்வெட்டி வாங்கியதற்குச் சமம் இது.

முசிறியின் பொன், பினாங்கின் பழைய வெள்ளி

சாமானைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குச் சாமான் வாங்கவில்லை என்றால், வேறு ஏதோ ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம் என்றுதானே பொருள்? என்ன அது?

இலக்கியம் எடுத்த மாணவர்களுக்கு இது எளிது. அகநானூற்றின் 149-ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார், யவனர்களின் மரக்கலங்கள் பொன்னோடு முசிறித் துறைக்கு வந்து மிளகோடு திரும்புவதைச் சொல்கிறார். அழகிய வருணனை என்று மட்டும் கடந்துவிடுகிறோம். அதற்குள் ஒரு வாணிபக் கணக்கு இருக்கிறது. சேர நாட்டு மிளகுக்கு ஈடாகக் கொடுக்க ரோமானியர்களிடம் போதுமான சரக்கு இல்லை. மது, கண்ணாடி போன்றவற்றைக் கொண்டுவந்தும் ஈடாகவில்லை. மீதியைப் பொன்னாகவும் வெள்ளியாகவும் கொட்டினார்கள். அந்தப் பக்கத்தில் பிளினி என்ற ரோமானிய அறிஞர், ஆண்டுதோறும் இந்தியா 50 மில்லியன் செஸ்டர்ஸ் நாணயங்களை உறிஞ்சிவிடுகிறது என்று முதல் நூற்றாண்டிலேயே புலம்பி எழுதிவைத்தார். ஒரே வாணிபம்தான். தமிழகத்தில் நின்று பார்த்தால் உபரி, ரோமில் நின்று பார்த்தால் பற்றாக்குறை. கொங்கு நாட்டில் இன்றுவரை கிடைக்கும் ரோமானியக் காசுகள் அந்த உபரியின் மிச்சம்.

(கெடா மாணவர்களுக்கு ஒரு சிறு தகவல்: பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய பொருள்களைப் பட்டியலிடும்போது ‘காழகம்’ என்ற ஊரின் பொருளையும் சேர்க்கிறது. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். கடாரம் நம் கெடாதான். பட்டினத்துக்கு அது இறக்குமதி, நமக்கு ஏற்றுமதி.)

இன்று பொன் கொடுப்பதில்லை. உபரி உள்ள நாட்டின் கையில் சேர்வது அயல்நாட்டு நாணயம், அயல்நாட்டுக் கடன்பத்திரம், வங்கிக் கணக்கில் ஓர் எண். அதாவது பிற்பாடு சாமான் வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை. பொன்னைப் போல அது எப்போதும் எடை குறையாமல் இருக்கும் என்று சொல்ல முடியாது. இதை நம் வட மாநிலத்துக்காரர்கள் பட்டே தெரிந்துகொண்டார்கள். 1967 நவம்பரில் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. அதே ஆண்டு ஜூனில்தான் மலேசியா புதிய வெள்ளியை வெளியிட்டிருந்தது. புதிய வெள்ளி தப்பித்தது. பவுண்டோடு கட்டப்பட்டிருந்த பழைய மலாயா வெள்ளியோ ஒரே நாளில் 85 காசாகிவிட்டது. பழைய நோட்டை அதிகம் வைத்திருந்தவர்கள் யார்? வங்கிப் பக்கம் போகாத ஏழைகளும் சிறு வியாபாரிகளும். பினாங்கில் கடையடைப்பு நடந்தது, அது கலவரமாகவும் மாறியது. ஈட்டியதை இன்னொருவருடைய காகிதத்தில் சேர்த்துவைத்தால், அந்தக் காகிதத்தின் விலையை அவர் தீர்மானிப்பார்.

தவுக்கே வாங்கிப்போன உபரி

மூன்றாவது கதை நம்முடையது. சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம் என்று இந்த மாநிலத்தின் தெற்குப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் பால்மரக் காடு. இருட்டோடு எழுந்து நிரை பிடித்து, பால் வெட்டி, மங்கில் வடிந்ததை வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். காயவைத்த ரப்பர் இரயிலேறிப் பினாங்குத் துறைமுகம் போகும், அங்கிருந்து கப்பலேறும். உள்ளே வந்தது பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி, பிறகு பருப்பு, கருவாடு, துணி. ஒரு தோட்டத்தை ஒரு குட்டி நாடாக எண்ணிப் பாருங்கள். எவ்வளவு பெரிய ஏற்றுமதி, எவ்வளவு சின்ன இறக்குமதி! உபரி மலைபோல இருந்திருக்கும்.

மலாயா முழுவதற்கும் அதுதான் நிலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பவுண்டு வட்டாரத்தில் அடங்கிய குடியேற்ற நாடுகளில் அமெரிக்க டாலரை அதிகமாக ஈட்டித் தந்தது மலாயாதான். அமெரிக்க மோட்டார் வண்டிகளுக்கு டயர் வேண்டும், டயருக்கு ரப்பர் வேண்டும், டப்பாக்களுக்கு ஈயம் வேண்டும். டாலர் வந்தது. லண்டனில் பொதுக் கையிருப்பில் சேர்ந்தது. போரில் நொடித்துப்போன பிரிட்டன் அந்த டாலரை வைத்துத் தனக்கு வேண்டியதை அமெரிக்காவில் வாங்கியது. தோட்டக் கம்பெனிகளின் லாபம் பங்குதாரர்களுக்குப் போனது. அவர்களில் பெரும்பாலோர் பால்மரத்தைப் பார்த்ததே இல்லை. ஒன்றுமே இங்கே தங்கவில்லை என்று சொல்வதும் சரியாகாது. ஏற்றுமதி வரி அரசாங்கத்துக்கு வந்தது, சாலையும் இரயில்பாதையும் வந்தன. ஆனால் “மலாயாவுக்கு வாணிப உபரி இருந்தது, ஆகவே மலாயா மக்கள் வசதியாக இருந்தார்கள்” என்று எழுதினால், லயத்தில் வாழ்ந்த யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஒரு வேடிக்கை. பீடோங் பக்கத்து ஹார்வார்ட் தோட்டம் அமெரிக்க ரப்பர் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமாக இருந்தது. ரப்பரை விளைவித்ததும் அமெரிக்கக் கம்பெனி, டயர் செய்ததும் அதே கம்பெனி. கணக்குப் புத்தகத்தில் அது மலாயாவின் ஏற்றுமதி. நடைமுறையில் இடது கையிலிருந்து வலது கைக்கு.

உபரிக்கும் உடைமைக்கும் சம்பந்தமில்லை என்பதைக் காட்ட இன்னும் தெளிவான ஒரு நாள் உண்டு. 1981 செப்டம்பர் 7. பெர்மோடாலான் நேஷனல், அதாவது பி.என்.பி., லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிவிட்டது. ‘விடியற்காலைத் தாக்குதல்’ என்று இன்றும் சொல்வார்கள். மறுநாள் அதே மரங்களில் அதே ஆட்கள் பால் வெட்டினார்கள், ஏற்றுமதி எண்ணில் ஒரு காசு மாறவில்லை. மாறியது லாபப் பங்கு போகும் திசை. (வெட்டினவர் கூலியும் மறுநாள் மாறவில்லை, அது வேறு கட்டுரை.)

இன்றைக்குப் பால்மரம் இருந்த மாநிலத்தில் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. 1996-இல் திறக்கப்பட்டது, நாட்டிலேயே இந்த வகையில் முதல் பூங்கா. ஜெர்மானிய நிறுவனமான இன்ஃபினியோன் 2024 ஆகஸ்டில் அங்கே தன் புதிய சில்லு ஆலையைத் திறந்தது. நம் மாணவர்கள் பலருடைய அண்ணன் அக்காமார் அந்தப் பூங்காவில் வேலை பார்க்கிறார்கள். மின்சார, மின்னியல் பொருள்கள்தாம் இன்று மலேசிய ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு. சம்பளம், பயிற்சி, உள்ளூர்க் குத்தகைகள், தொழில்நுட்ப அறிவு எல்லாம் இங்கே தங்குகின்றன. தோட்டக் காலத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். இருந்தாலும் இரண்டு விஷயங்கள் அதேபோல்தான் இருக்கின்றன. இறுதி லாபத்தின் பெரும்பகுதி முதலாளி நாட்டுக்கு உரியது. இன்னொன்று, ஏற்றுமதிக்குள் இறக்குமதி ஒளிந்திருக்கிறது. நம் இறக்குமதியில் ஏறத்தாழ பாதி, ஆலைகளுக்குள் போய் வேறு பொருளாக வெளியே வரும் இடைநிலைப் பொருள். இறக்குமதியைக் குறைத்தால் உபரி கூடும் என்று நினைத்து அதைத் தடுத்தால், அடுத்த மாதம் ஏற்றுமதியும் படுத்துவிடும்.

214 எங்கே, 30 எங்கே?

வாணிபச் சமநிலை சரக்கை மட்டும் எண்ணும். நாட்டின் மொத்தக் கொடுக்கல் வாங்கலை எண்ணும் கணக்கு வேறு. மலாயில் ‘இம்பாங்கான் பெம்பாயாரான்’, இலங்கைத் தமிழில் ‘சென்மதி நிலுவை’. அதன் முதல் பகுதி நடப்புக் கணக்கு. சரக்கோடு, கப்பல் கூலி, காப்புறுதி, சுற்றுலா போன்ற சேவைகளும் இதில் சேரும். வெளிநாட்டு முதலாளிகள் எடுத்துப்போகும் லாபமும், நாம் வெளிநாட்டில் போட்ட முதலீட்டிலிருந்து வரும் வருமானமும் சேரும். தொழிலாளர்கள் ஊருக்கு அனுப்பும் பணமும் சேரும். அன்று நம் தாத்தா ஊருக்குப் போட்ட மணியார்டர் மலாயாவின் கணக்கில் கழித்தல். இன்று செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளி அனுப்பும் பணமும் அதே வரியில்தான்.

2023-இல் சரக்கு உபரி 214 பில்லியன் என்று பார்த்தோம். அதே ஆண்டின் நடப்புக் கணக்கு உபரி 30 பில்லியனைக்கூடத் தொடவில்லை. இடையில் கணக்கிடும் முறையும் மாறுகிறது. எல்லையைத் தாண்டும் சரக்கையெல்லாம் முதல் கணக்கு எண்ணும், உரிமை கைமாறும் சரக்கை மட்டும் இரண்டாவது எண்ணும். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் சேவையாகவும் லாபமாகவும் ஊருக்கு அனுப்பும் பணமாகவும் வெளியே போவது பெரிய தொகை. படிவம் ஆறு மாணவர்கள் இந்த வேறுபாட்டை ஒரு வரியாவது எழுதினால், படித்துப் புரிந்து எழுதியிருக்கிறார்கள் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

இன்னொரு மனப்பாட வாக்கியம்: “உபரி இருந்தால் நாட்டின் நாணயம் வலுப்பெறும்.” ஏற்றுமதியாளர் தாம் பெற்ற டாலரை ரிங்கிட்டாக மாற்றினால் ரிங்கிட்டுக்குத் தேவை கூடும், மதிப்பு ஏறும் என்பது தருக்கம். மாற்றாமல் வைத்துக்கொண்டால்? 2024 பிப்ரவரி 20-ஆம் தேதி ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4.80 ரிங்கிட். 1998-க்குப் பிறகு அவ்வளவு சரிவு கிடையாது. அப்போதும் உபரிதான். அமெரிக்காவில் வட்டி 5 விழுக்காட்டுக்கு மேல், இங்கே 3 விழுக்காடு. டாலரை டாலராகவே வைத்திருக்க யாருக்குத்தான் ஆசை வராது? ஏழு மாதம் கழித்து ரிங்கிட் 4.12 அளவுக்குத் தேறியது. அது உபரி குறைந்த ஆண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

உபரி நாட்டில் அரிசிக்கு வரிசை

மொத்தக் கணக்கில் உபரி என்பதால் எல்லாவற்றிலும் உபரி என்று ஆகாது. கெடா நாட்டின் நெற்களஞ்சியம். மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்த பிறகு ஆண்டுக்கு இரண்டு போகம். இருந்தும் மலேசியா தனக்கு வேண்டிய அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளியே வாங்குகிறது. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி இங்கே இறக்குமதி அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு ஏறியது. எல்லாரும் 10 கிலோ 26 வெள்ளி உள்ளூர் அரிசிக்குப் பாய, கடைத் தட்டுகள் காலியாயின. உங்கள் வீட்டிலும் தேடி அலைந்திருப்பீர்கள். அந்த ஆண்டு உபரி 214 பில்லியன்.

ரப்பரின் கதை இன்னும் விசித்திரம். 1988-இல் மலேசியா 1.66 மில்லியன் டன் ரப்பர் உற்பத்தி செய்தது, உலகில் முதலிடம். பிறகு மரங்கள் சாய்ந்தன, செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. இன்று 400,000 டன்னுக்கும் கீழே. ஆனால் ரப்பர் கையுறையில் உலகச் சந்தையை ஆள்வது நாம். அந்தக் கையுறைக்குப் பால்? தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. நாம் விளைவிப்பதைவிட வாங்குவது அதிகம். தோட்டம் போனதைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் இந்த ஒரு செய்தியைச் சேர்த்துப் பாருங்கள், கட்டுரைக்கு எலும்பு கிடைக்கும்.

நாடு வாரியாகப் பார்த்தாலும் அப்படித்தான். சீனாவோடு நமக்குப் பற்றாக்குறை, சிங்கப்பூரோடும் அமெரிக்காவோடும் உபரி. ரொட்டி சானாய் கடைக்காரரோடு எனக்கு ஆயுள் முழுக்கப் பற்றாக்குறைதான். அவர் என்னிடம் ஒன்றுமே வாங்குவதில்லை. சம்பளம் வேறிடத்திலிருந்து வருவதால் கவலையில்லை. ஆனால் 2025 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் டோனல்ட் டிரம்ப் இந்த நாடு வாரிக் கணக்கையே தூக்கிப்பிடித்தார். ஒவ்வொரு நாட்டோடும் அமெரிக்காவுக்குள்ள பற்றாக்குறையை அந்த நாட்டிலிருந்து வரும் இறக்குமதியால் வகுத்து, அதில் பாதியை வரியாக அறிவித்தார். மலேசியாவுக்கு 24 விழுக்காடு. ஆகஸ்டில் அது 19 ஆனது. உபரியே வம்பை விலைக்கு வாங்கிய கதை.

பற்றாக்குறையும் இதேபோல் தனியே நின்று பொருள் தராது. அமெரிக்காவின் சரக்குப் பற்றாக்குறை 2024-இல் 1.2 டிரில்லியன் டாலர். உலகம் டாலரை ஏற்றுக்கொள்ளும்வரை அவர்கள் தங்கள் பணத்திலேயே கட்டிவிடலாம். இலங்கைக்கு அந்த வசதி கிடையாது. பல்லாண்டுப் பற்றாக்குறையைக் கடன் வாங்கி அடைத்து, சுற்றுலாவும் வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் ஒருசேரக் குறைந்தபோது டாலர் தீர்ந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. எரிபொருளுக்கு மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

தேர்வுத்தாளுக்கு

உபரியைப் பற்றி எழுதும்போது எண்ணோடு நிறுத்தாதீர்கள். ஏற்றுமதி கூடியதால் வந்ததா, இறக்குமதி விழுந்ததால் வந்ததா என்று ஒரு வாக்கியம் சேருங்கள். விவாதக் கட்டுரை என்றால் அந்த வருமானம் யார் கையில் தங்கியது என்ற கேள்வியை எழுப்பலாம். எதிர்வாதத்துக்கும் அங்கே இடம் கிடைக்கும். ‘லாபம்’, ‘இலாபம்’, ‘ஆதாயம்’ மூன்றையும் இந்த இடத்தில் தவிர்த்துவிடுங்கள். ‘உபரி’ அல்லது ‘மிகை’ போதும். ஆசிரியர்கள் வகுப்பில் 1998, 2023, 2024 மூன்றின் உபரியையும் பொருளாதார வளர்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் பலகையில் எழுதி, எது நல்ல ஆண்டு என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் முக்கால் மணி நேரம் ஓடியது.

அந்த மாணவியின் வாக்கியத்தை இருவரும் சேர்ந்து இப்படித் திருத்தினோம்: “2024-ஆம் ஆண்டில் மலேசியாவின் ஏற்றுமதி, இறக்குமதியைவிட 136.9 பில்லியன் ரிங்கிட் அதிகமாக இருந்தது. முந்திய ஆண்டைவிட இந்த உபரி குறைந்ததற்குக் காரணம் ஏற்றுமதியின் சரிவு அல்ல. இயந்திரங்களையும் பிற பொருள்களையும் நாடு கூடுதலாக இறக்குமதி செய்ததே ஆகும்.”

“ரெண்டு வாக்கியம் ஆயிடுச்சே டீச்சர், பத்தி நீளமாயிடும்” என்றார். முன்னுரையில் இருந்த இரண்டு உவமையை எடுத்துவிடச் சொன்னேன்.